பக்கத்திலேயே கடல் இருக்க உப்பு எதற்கு? முதல் கடல்தொட்டி (கடல்மீன் வளர்க்கும் தொட்டி): தென்னாப்பிரிக்க வாசகர்களின் கேள்வி, மாமாவின் பதில்

கேள்வி (சாட்ஸ்வொர்த்): மாமா, 200 லிட்டர் தொட்டி வாங்கிவிட்டேன். இந்தச் சனிக்கிழமையே கோமாளி மீன் வேண்டும் என்று பையன் அழுகிறான்.

பதில்: சனிக்கிழமை பையனைக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். மீன் இப்போது வேண்டாம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். அதைத் தண்ணீர் மாற்றிச் சமாளிக்கலாம். இந்த இரண்டு கூட்டமும் கல்லிலும் மணலிலும் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை உப்புநீர், கல், பம்ப் ஓடட்டும்; பாக்டீரியாவுக்குத் தீனியாகக் கொஞ்சம் அம்மோனியம் குளோரைடு விடுங்கள். விட்ட அம்மோனியாவும் அதிலிருந்து வந்த நைட்ரைட்டும் ஒரே நாளில் பூஜ்யத்துக்கு இறங்கினால்தான் மீன். தைப்பூசக் காவடி முடிந்து தண்ணீர் ஊற்றினால் பங்குனி உத்திரத்துக்கு மீன் விடலாம்.

கேள்வி (லெனேசியா): எவ்வளவு உப்பு? குழாய்த் தண்ணீர் போதுமா?

பதில்: சமையல் உப்பு அல்ல, கடல்தொட்டிக்கான உப்புக் கலவை. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம், அதாவது உங்கள் தொட்டி 200 லிட்டர் என்றால் 7 கிலோ சொச்சம். உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 காட்டட்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. ஆர்ஓ தண்ணீரே நல்லது. அப்புறம், ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அல்ல. குறைந்ததை நன்னீரால் நிரப்புங்கள். உப்புநீரையே ஊற்றி ஊற்றித் தொட்டியை ஊறுகாய் ஜாடி ஆக்கியவர்கள் உண்டு.

கேள்வி (பீனிக்ஸ்): உப்புக்குக் காசு கொடுப்பானேன் மாமா? உம்ஷ்லாங்கா கடற்கரையில் கடல்நீரைக் கேனில் பிடித்து வந்தால் ஆயிற்று!

பதில்: தம்பி, நான் அப்படிச் செய்தவன்தான். மழை விட்ட மறுநாள் உம்கேனி ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் பிடித்து வந்து, நான்கு மீனை ஒரே வாரத்தில் பறிகொடுத்தேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமாகி டர்பன் கடற்கரைகளை மூடியது மறந்துவிட்டதா?

கேள்வி (பீனிக்ஸ், மறுபடியும்): பத்து வருடமாக அந்தத் தண்ணீர்தான். ஒரு மீனும் சாகவில்லை.

பதில்: சரி, நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடல்நீரே கெட்டது என்று நான் சொல்லவில்லை. நம் கடலில் அப்பால் ஓடும் அகுல்ஹாஸ் நீரோட்டத்தின் தண்ணீரைவிட எந்த உப்புப் பாக்கெட் நல்லது? ஆனால் நீங்கள் பிடிப்பது நீரோட்டத்தில் அல்ல, கரையில். பிடித்தே தீருவேன் என்றால் ஆற்று வாய்க்குத் தொலைவில், ஒரு வாரமாவது மழை இல்லாதபோது, ஓதம் ஏறி கடல்மட்டம் உயரும் நேரத்தில் பிடியுங்கள். துணியில் வடிகட்டி, மூடிய டிரம்மில் இருட்டில் பம்ப் ஓட விட்டு, சோதித்து ஊற்றுங்கள். இவ்வளவும் செய்தால் உப்பு வாங்குவது லாபமா நஷ்டமா, நீங்களே கணக்குப் போடுங்கள்.

கேள்வி (வெருலம்): கடல்நீரில்தான் பாக்டீரியா இருக்குமே. அப்போது ஆறு வாரம் வேண்டாமே?

பதில்: அவை ஒட்டி வாழ்வது கல்லில், மணலில். தண்ணீரில் மிகக் குறைவு. ஆகவே ஆறு வாரம் வேண்டும்; முதல் பதிலையே மறுபடி படியுங்கள்.

கேள்வி (ஐசிபிங்கோ): பாறையும் பவளமும் கரையிலிருந்தே எடுக்கலாமா?

பதில்: கூடாது. 1998-இன் கடல்வாழ் உயிர்வளச் சட்டம் இருக்கிறது. பிறகு என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

கேள்வி (டொங்காட்): லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) வந்தால்?

பதில்: பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். முதலில் தீர்வது ஆக்ஸிஜன். சூடு மெதுவாகத்தான் குறையும். குளிர்காலத்தில் தொட்டியைப் போர்வையால் சுற்றலாம். அந்த நேரத்தில் தீனி போடாதீர்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): 100 லிட்டர் தொட்டியில் ப்ளூ டாங் மீன் வைக்கலாமா?

பதில்: அது 30 சென்டிமீட்டர் வரை வளரும். வேண்டாம்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): மாமா, ஒரே ஒரு சின்ன மீன்? பையன் இன்னும் அழுகிறான்.

பதில்: சோதனைக் கிட் வாங்கினீர்களா? அம்மோனியா எவ்வளவு? எண்ணைச் சொல்லுங்கள், பேசுவோம். பீனிக்ஸ் தம்பி, உங்கள் கேன் ஒன்று எனக்கும் வேண்டும். மழை நாளில் அல்ல.