விமானக் கடத்தல் விசாரணையில் உங்கள் பெயர் வந்தால்

கேள்வி: கட்டாரில் வேலை செய்துவிட்டு மாங்குளம் திரும்பியிருக்கிறேன். விமானமொன்றைக் கடத்த முயன்றவரைத் தேடுவதாகவும், பயணிகள் பதிவில் என் பெயர் இருப்பதாகவும் சொல்லி, கொழும்புக்கு வந்து வாக்குமூலம் தருமாறு பொலிஸார் தொலைபேசியில் கேட்கிறார்கள். அந்த விமானத்தில் நான் ஏறவேயில்லை. போகாமல் இருக்கலாமா?

பதில்: அழைப்பை அலட்சியம் செய்யாதீர்கள், சட்டத்தரணி இல்லாமல் போகவும் வேண்டாம். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி, சம்பவம் பற்றி அறிந்திருக்கக்கூடியவரை எழுத்துமூலக் கட்டளையால் விசாரணை அதிகாரி அழைக்கலாம். ஆகவே அழைத்தவரின் பெயர், பதவி, பிரிவு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, எந்தச் சட்டத்தின் கீழ் விசாரணை நடக்கிறது என்று கேட்டு, எழுத்துமூல அழைப்பைப் பணிவாகக் கோருங்கள்.

விமானம் எந்த நாட்டுடையதாயினும் இது இலங்கைக்குச் சம்பந்தமில்லாத விடயம் என்று வாதிட முடியாது. 1982இல் சேபால ஏக்கநாயக்க இத்தாலிய விமானமொன்றை பாங்கொக்கில் பிடித்து வைத்திருந்துவிட்டு நாடு திரும்பிய பின்னரே, அவரை இங்கு விசாரிப்பதற்காக விமானங்களுக்கெதிரான குற்றங்கள் சட்டம் (1982ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கம்) பின்னோக்கிச் செல்லுபடியாகும்படி அவசரமாக இயற்றப்பட்டது.

ஆனால் பெயர்ப் பொருத்தம் என்பது தேடலின் தொடக்கம் மட்டுமே. 1971 நவம்பர் 24இல் அமெரிக்காவில் விமானம் கடத்தியவர் சீட்டு வாங்கிய பெயர் டான் கூப்பர். அதைத் தேடிய பொலிஸார் போர்ட்லண்டில் டி.பி. கூப்பர் என்ற வேறொருவரை விசாரித்து, தொடர்பில்லை எனக் கண்டு விட்டுவிட்டார்கள். ஆயினும் செய்தியாளரின் குழப்பத்தால் அந்த நிரபராதியின் பெயரே கடத்தல்காரனுக்கு இன்றுவரை ஒட்டிக்கொண்டது. நம்மவர் நிலை இன்னும் சிக்கலானது: தந்தையின் பெயர் ஒரு பதிவில் முதலெழுத்தாகவும், இன்னொன்றில் குடும்பப் பெயராகவும் ஏறுவதால், முன்பின் அறியாத இருவர் கணினியில் ஒருவராகிவிடலாம். சீட்டு எடுத்துக் கொடுக்கும் முகவர் தன் தொலைபேசி எண்ணையே பலருடைய பதிவுகளில் போட்டிருந்தால், அந்த எண்ணும் உங்களை யாரோ ஒருவருடன் இணைத்துக் காட்டும். எனவே கடவுச்சீட்டு இலக்கமும் பிறந்த திகதியும் பொருந்துகின்றனவா என்பதையே உங்கள் சட்டத்தரணி முதலில் கேட்கவேண்டும். பழைய, புதிய கடவுச்சீட்டுகளின் முத்திரைப் பக்கங்கள், சம்பவ நாளில் நீங்கள் இருந்த இடத்தைக் காட்டும் சம்பளப் பதிவு, முகவரிடமுள்ள பற்றுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளைக் கொண்டுசெல்லுங்கள். மூலக் கடவுச்சீட்டைக் கேட்டால், பற்றுச்சீட்டுப் பெறாமல் கொடுக்கவேண்டாம்.

கேள்விகளுக்கு உண்மையாகப் பதிலளிக்கக் கடமைப்பட்டிருக்கிறீர்கள். உங்களையே குற்றச்சாட்டுக்கு உள்ளாக்கக்கூடிய கேள்விக்கு மட்டும் அக்கடமை இல்லை. தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டால், வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையொப்பமிடாதீர்கள். சாதாரண சட்டத்தில் பொலிஸாரிடம் செய்த குற்ற ஒப்புதல் சான்றாகாது. ஆனால் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் செய்த ஒப்புதலை ஏற்கிறது. எந்தச் சட்டம் என்று முதலிலேயே கேட்கச் சொன்னது இதனால்தான்.

காரணம் சொல்லாமல் தடுத்துவைத்தால், உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்தில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் இக்கணக்கில் சேராது. முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.