ஒரு இரவுத் தங்கலில் நீர்வீழ்ச்சி பார்க்க: யாழ்ப்பாணத்திலிருந்து எங்கே, எப்படி?

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நாங்கள் நான்கு பேர், ஒரே அலுவலகம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வெளிக்கிட்டு ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஒரு இரவு கூடாரத்தில் தங்கி, நீர்வீழ்ச்சியும் ஆழமான மலைப் பள்ளத்தாக்கும் பார்க்க ஆசை. பை தூக்கி நடந்த பழக்கம் யாருக்கும் இல்லை. இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. எங்கே போகலாம், என்ன கொண்டுபோக வேண்டும்?"

முதலில் இடம். மாத்தளைக்கு மேலே உள்ள ரிவர்ஸ்டன் பக்கம் போங்கள். தியலும, பம்பரகந்த நீர்வீழ்ச்சிகள் என்றுதான் பலரும் ஆசைப்படுவார்கள். பம்பரகந்த 263 மீற்றர், நாட்டிலேயே உயரமானது. தியலும 220 மீற்றர். இரண்டும் அருமையான இடங்கள்தான். ஆனால் இரண்டும் மலைநாட்டின் தெற்குச் சரிவில் இருக்கின்றன. ஒரே ஒரு இரவுக்காக அங்கே போனால் பயணத்தின் பெரும்பகுதி பஸ் இருக்கையிலேயே கழிந்துவிடும். ரிவர்ஸ்டன் அப்படியில்லை. எங்கள் ஏ-9 வீதி கண்டி வரை 321 கிலோமீற்றர். அதே வீதியில் கண்டிக்குச் சற்று முன்பே மாத்தளை வந்துவிடும். வெள்ளி இரவு கண்டி பஸ்ஸில் ஏறினால் விடியற்புறம் மாத்தளையில் இறங்கலாம். முத்துமாரியம்மன் கோயில் பக்கம் போய்க் கும்பிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, ரத்தோட்டை வழியாக மேலே ஏறும் பஸ்ஸைப் பிடியுங்கள். சுமார் 30 கிலோமீற்றர்தான். ஆனால் அந்தப் பாதையில் பஸ் குறைவு. நான்கு பேர் என்பதால் ஒரு வான் பேசிக்கொள்வதும் கட்டுப்படியாகும்.

இது நக்கிள்ஸ் மலைத்தொடர். முஷ்டியை மடக்கினால் தெரியும் விரல் மொழிகள் போலிருப்பதால் ஆங்கிலேயர் வைத்த பெயர், சிங்களத்தில் தும்பர. 2010 இல் ஹோர்ட்டன் சமவெளியோடும் சிவனொளிபாத மலைக் காட்டோடும் சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக அறிவித்தது. ரத்தோட்டையைத் தாண்டினால் தொங்குபாலத்தோடு பம்பரகிரி எல்ல (எல்ல என்றால் சிங்களத்தில் நீர்வீழ்ச்சி). மேலே முகில் மூடிய கணவாயும் தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கும் உச்சியும். அப்புறம் பிட்டவல பத்தன என்ற புல்வெளி. அதன் ஓரத்தில் நிலம் திடீரென்று அறுந்து கீழே ஒரு பள்ளத்தாக்கு திறக்கிறது. நீங்கள் கேட்ட காட்சி அதுதான். இலுக்கும்புரைக் கிராமத்துக்குப் பிறகு கிளைவீதியில் சேர எல்ல. உயரம் அதிகமில்லை. ஆனால் விழும் தண்ணீருக்குப் பின்னால் ஒரு குகை இருக்கிறது. அங்கே நின்று தண்ணீரின் முதுகைப் பார்க்கலாம். தண்ணீர் குறைவான நாளில் மட்டும் போங்கள்.

சனிக்கிழமை பத்தனையும் உச்சியும், ஞாயிறு காலை சேர எல்ல. இவ்வளவு போதும். வரைபடத்தைப் பார்த்து ஐந்து நீர்வீழ்ச்சிகளை வரிசைப்படுத்தாதீர்கள். அப்படிப் போகிறவர்கள் இருட்டியபின்தான் கூடாரம் அடிக்கிறார்கள். நான் பார்த்த விபத்துகளில் பாதிக்கு மேல் அந்த அவசரத்தில் தொடங்கியவை.

தங்குவதற்கு இலுக்கும்புரைப் பக்கம் கிராமத்தவர் தங்கள் காணியில் கூடாரம் அடிக்க விடுகிறார்கள், கழிப்பறையும் இருக்கும். முதல் தடவைக்கு அதுதான் சரி. பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் தங்குவதென்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், அதை முன்கூட்டியே எடுக்க வேண்டும். ரத்தோட்டைத் தோட்டங்களில் தமிழ் கேட்கலாம், மேலே போகப் போகச் சிங்களம்தான். நான்கு பேரில் ஒருவராவது கொஞ்சம் சிங்களம் கதைக்கத் தெரிந்தவராக இருந்தால் வழி கேட்கச் சுகம்.

இனித் தண்ணீர். உங்கள் கேள்வியில் என்னை யோசிக்க வைத்தது இதுதான். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறு, குளம், கடல். சுண்ணக்கல் நிலம் மழையைக் குடித்து அடியில் வைத்துக்கொள்கிறது. வழுக்கையாறுகூட மாரியில்தான் ஓடும். சோளகக் காற்றையும் வாடைக் காற்றையும் வைத்துக் கடலைக் கணிக்கும் எங்கள் ஆட்களுக்கு, மலை ஆற்றின் குணம் பழக்கமில்லை. மலை ஆறு நீங்கள் நிற்கும் இடத்து வானத்தைப் பார்த்து நடப்பதில்லை. மேலே எங்கோ பெய்த மழைக்குக் கீழே வெயிலடிக்கும்போதே பெருகும்.

என் முதல் பயணங்களில் ஒன்றில், ஆற்றோரத்து மணல் திட்டு மெத்தை போல இருக்கிறதே என்று அதில் கூடாரம் அடித்தோம். எங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரிந்தது. நடுச்சாமத்தில் ஆற்றின் சத்தம் மாறி விழித்தேன். சலசலப்பு போய் ஒரு கனத்த உறுமல். ரோர்ச் அடித்துப் பார்த்தால் தண்ணீர் கூடாரத்துக்கு ஒரு எட்டுத் தூரத்தில் நிற்கிறது, பாற்கோப்பி நிறத்தில். ஆட்களை எழுப்பிக் கரையேறினோம். வெளியே வைத்திருந்த சப்பாத்துகளும் சமையல் பாத்திரங்களும் போய்விட்டன. விடிந்தபோது அந்த மணல் திட்டே இல்லை.

அன்றிலிருந்து கூடாரம் அடிக்கும் முன் கரையோரப் புதர்களைப் பார்ப்பேன். காய்ந்த சருகும் புல்லும் கிளைகளில் மாலை போலச் சிக்கியிருக்கும். வெள்ளம் கடைசியாக வந்து போன உயரம் அது. அதற்கு மேலே இரண்டு ஆள் உயரமாவது ஏறி, தண்ணீரிலிருந்து எழுபது எட்டுத் தள்ளி இடம் பிடியுங்கள். திரும்பி வீதிக்குப் போகும் வழி ஆற்றைக் கடக்காத வழியாக இருக்கட்டும். பகலில் குளிக்கும்போது தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், சத்தம் கனத்தால், படம் எடுக்க நிற்காமல் மேலே ஏறுங்கள். முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று இறங்காதீர்கள். வேகமாக ஓடினால் அதுவே வளர்ந்த ஆளைப் புரட்டிவிடும்.

நீச்சல் தெரியாத இருவருக்கு மட்டுமில்லை, தெரிந்த இருவருக்கும் சொல்கிறேன்: நீர்வீழ்ச்சி நேராக விழும் மடுவுக்குள் இறங்க வேண்டாம். அங்கே தண்ணீர் முழுக்கக் காற்றுக் குமிழி. அது உடம்பைத் தாங்காது. விழும் வேகம் ஆளைக் கீழே அமுக்கும், மேலே வரும் சுழி திரும்ப வீழ்ச்சியின் அடிக்கே இழுக்கும். காரைநகர்க் கடலில் ஒரு மைல் நீந்துகிறவருக்கும் இதுதான் நிலை. பம்பரகிரி எல்லயில் பாலத்தில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குளிப்பதற்குக் கிராமத்தவர் காட்டும் ஆழமில்லாத இடம் போதும். மேலிருந்து பாயவே கூடாது, அடியில் பாறை எங்கே இருக்கிறதென்று தெரியாது.

பருவம் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். டிசம்பர் விடுமுறையில் போகாதீர்கள். வாடை மழை இந்த மலையின் கிழக்குப் பக்கத்தில்தான் கொட்டுகிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டில் என்ன செய்தது என்று எல்லோரும் பார்த்தோம். மண் சரிந்த சரிவுகள் அடுத்த மழைக்கும் பலவீனமானவை. பெப்ரவரி கடைசியும் மார்ச்சும் நல்லது. தண்ணீரும் இருக்கும், பாதையும் காய்ந்திருக்கும். மார்ச், ஏப்ரலில் பின்னேரம் இடிமழை வரும், ஆகவே நடையை மதியத்துக்குள் முடியுங்கள். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மழை குறைவு, ஆனால் சோளகம் கணவாயில் கூடாரத்தைப் பிய்த்துக்கொண்டு போகும். வெளிக்கிடும் நாளில் வானிலை அறிக்கையோடு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். மாத்தளைக்கு எச்சரிக்கை இருந்தால் அந்த வாரம் போக வேண்டாம்.

பை ஒரு ஆளுக்கு 8 முதல் 10 கிலோவுக்குள் நிற்கட்டும். 60 கிலோ ஆளுக்கு 12 தான் எல்லை. பாரமான சாமான் முதுகை ஒட்டி நடுவில் வரவேண்டும். பைக்குள்ளே முதலில் ஒரு பெரிய தடித்த பொலித்தீன் பையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்குங்கள். வெளியே போடும் மழை உறையை விட அது நம்பிக்கையானது. 1,000 மீற்றர் ஏறினால் வெப்பம் ஆறு பாகையளவு குறையும். யாழ்ப்பாண வெக்கையில் நின்று பார்த்தால் இது பெரிதாகத் தெரியாது. காற்றும் ஈரமும் சேர்ந்தால் பற்கள் அடிக்கும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. இரவுக்கு ஒரு கம்பளிச் சட்டையும் உலர்ந்த காலுறையும் தனியாகக் கட்டி வையுங்கள், எந்தக் காரணத்துக்கும் பகலில் அதைத் தொடாதீர்கள். இறப்பர் செருப்போடு பாசிப் பாறையில் ஏறவே வேண்டாம். பிடிப்பான அடியுள்ள சப்பாத்து கட்டாயம்.

எங்களூரில் பயிற்சிக்கு மேடே இல்லை. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்து, நிறைத்த பையோடு நான்கு மாடிப் படி ஏறி இறங்குங்கள். இறங்குவதுதான் முழங்காலைச் சோதிக்கும்.

சாப்பாட்டுக்குக் கடையில் விலை கொடுத்து எதுவும் தேடத் தேவையில்லை. புழுக்கொடியல், பனங்கட்டி, எள்ளுப்பாகு, பருத்தித்துறை வடை: பாரமில்லை, பழுதாகாது, மலையேறும் உடம்புக்கு வேண்டிய சத்து இருக்கிறது. இரவுக்குச் சோறும் பருப்பும் சிறிய காஸ் அடுப்பில் வைத்துவிடலாம். விறகு வெட்டித் தீ மூட்டாதீர்கள், பத்தனைப் புல் சட்டென்று பற்றும். ஆற்றுத் தண்ணீரைக் கொதித்தபின் ஒரு நிமிடம் கொதிக்க விட்டுக் குடியுங்கள். ஓடையில் சவர்க்காரம் போடாதீர்கள். அந்த ஈரப் பாறை இடுக்குகளில் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு தட்டைத் தவளை வாழ்கிறது.

அட்டை கடிக்கும், வலிக்காது. இழுத்துப் பிய்க்காமல், நகத்தால் வாயோரத்தைத் தள்ளி விடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட வேண்டாம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் மட்டும் தண்ணீரில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் 2024 டிசம்பரில் எங்கள் மாவட்டத்திலேயே உயிர்களைப் பறித்தது. திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், ஆற்றில் இறங்கிய கதையை டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மலையில் பல இடங்களில் போனுக்குச் சிக்னல் கிடையாது. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. ஞாயிறு பதினொரு மணிக்குள் கூடாரத்தை மடித்துவிட்டால் மாத்தளைக்கு இறங்க நேரம் இருக்கும், யாழ்ப்பாண பஸ்ஸையும் பகலோடு பிடித்துவிடலாம்.