தொட்டிக்குள் யாரோடு யாரை விடலாம்?

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்காக இரண்டு மாதம் முன்பு இரண்டடி மீன் தொட்டி வாங்கினோம். 2 கோல்டு ஃபிஷ், உள்ளங்கை அளவில் 2 ஏஞ்சல், 6 நியான் டெட்ரா, 4 டைகர் பார்ப், ஒரு ஃபைட்டர், ஒரு சக்கர் விட்டோம். எல்லாம் ஒன்றாக இருக்கும் என்றார் கடைக்காரர். இப்போது நியான் ஒன்றுகூட இல்லை, செத்து மிதக்கவும் இல்லை. ஃபைட்டரின் வால் கிழிந்து தொங்குகிறது. கோல்டு ஃபிஷ் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. ஊற்றுவது போர் தண்ணீர்தான். என்ன செய்வது?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: முதலில் ஃபைட்டரை இன்றைக்கே தனியாக எடுத்துவிடுங்கள். பத்துப் பதினைந்து லிட்டர் பிடிக்கும் சிறிய தொட்டி போதும், ஆனால் துள்ளி வெளியே விழும் மீன் என்பதால் மூடி அவசியம். தண்ணீர் சுத்தமாக இருந்தால் வால் மெல்ல வளர்ந்துவிடும். அதைக் கடித்தது டைகர் பார்ப்தான். ஆறு எட்டுக்குக் குறைவாக விட்டால் அது தன் கூட்டத்துக்குள் துரத்தி விளையாடுவதை விட்டு, நீளத் துடுப்பு உள்ள மீனைத் தேடிப் போகும்.

நியான்களை ஏஞ்சல் தின்றிருக்கும். ஏஞ்சல் பார்க்க எவ்வளவு நளினமாக இருந்தாலும் வாய்க்குள் நுழைவது அதற்கு இரைதான். நியான் முழுதாக வளர்ந்தாலே மூன்று, மூன்றரை சென்டிமீட்டர். அதோடு நியான் அமேசான் பகுதியின் மென்மையான தண்ணீருக்குப் பழகிய இனம், உங்கள் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்புத்தன்மை கொண்ட கடின நீராகத்தான் இருக்கும். ஏஞ்சல் தின்னாவிட்டாலும் அதற்கு அது நல்ல வீடு இல்லை.

கோல்டு ஃபிஷ்தான் எனக்குக் கவலை. அது கெண்டை வகை, குளிர்ந்த நீரில் வளரும் மீன். மற்றவையோ 25, 26 டிகிரியில் சுகமாக இருப்பவை. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். போதாததற்கு கோல்டு ஃபிஷ் நிறையத் தின்று நிறையக் கழிக்கும், அந்தக் கழிவிலிருந்து அம்மோனியா வரும். இன்றே கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள், காற்று பம்பை நிறுத்தாமல் ஓட விடுங்கள், இரண்டு நாளைக்குத் தீனியைக் குறையுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவாதீர்கள். அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

உங்கள் தொட்டி ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் என்றால் 50 லிட்டர்தான் கொள்ளும். வாங்கும்போது கேட்க வேண்டியது, 'இது எவ்வளவு பெரிதாக வளரும்?' என்பதுதான். நான் மீன் வளர்க்கத் தொடங்கிய காலத்தில் 'ஷார்க்' என்று விரல் நீளத்தில் நான்கு கொடுத்தார்கள். அது சுறா இல்லை, கெளுத்தி வகை. ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது, மீன் கடையில் பாசா என்று துண்டு போட்டு விற்பதும் இதே இனம்தான். கண்ணாடியில் முட்டி முட்டி மூக்குப் புண்ணாகி அவை செத்ததை இன்னும் மறக்க முடியவில்லை. உங்கள் சக்கரும் ஒரு அடிக்கு மேல் போகும்.

அதனால் கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், டைகர் பார்ப், சக்கர் எல்லாவற்றையும் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கொடுங்கள். பாவம் என்று ஏரியில் மட்டும் விட வேண்டாம். சக்கர் நம் ஏரிகளில் ஏற்கெனவே பெருகி நாட்டு மீன்களுக்கு இடைஞ்சலாகி விட்டது.

சரி, அப்புறம் எதை வளர்ப்பது? உங்கள் தண்ணீருக்கு கப்பியும் பிளாட்டியும்தான். இரண்டும் சாது, கடின நீரை விரும்புபவை, இரண்டு அங்குலத்தைத் தாண்டுவது அபூர்வம். ஐந்து கப்பி, மூன்று பிளாட்டி போதும், அதையும் வாரத்துக்கு இரண்டு மூன்றாக விடுங்கள். குட்டிகள் வேண்டாமென்றால் ஆண் மட்டும் வாங்குங்கள். ஆணிடமிருந்து பிரித்தாலும் பெண் கப்பி மாதக்கணக்கில் குட்டி போட்டுக்கொண்டிருக்கும். குட்டி பார்க்க மகளுக்கு ஆசை இருந்தால் ஒரு ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கில் வாங்கி, தொட்டியில் ஜாவா பாசி ஒரு கைப்பிடி போடுங்கள். பெரிய மீன்கள் குட்டிகளைத் தின்றுவிடும், ஒளிந்துகொள்ள அவற்றுக்கு அந்தப் பாசி வேண்டும்.