எங்கள் தெருவில் மறுவாழ்வு இல்லம் வருகிறது, எதிர்த்துக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி கேட்டவர் அமெரிக்கப் புறநகர் ஒன்றில் வீடு வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது என்கிறார். குடியையும் போதையையும் விட்டவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து தங்க, இரண்டு வீடு தள்ளி ஓர் இல்லம் வரப்போகிறது. அதற்கு அனுமதி கேட்டு சிட்டியில் விண்ணப்பம் போயிருக்கிறது. ஹியரிங், அதாவது ஊர்க்காரர்கள் கருத்துச் சொல்லும் விசாரணைக் கூட்டம், அதற்கான நோட்டீஸ் தபாலில் வந்துவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர் மனுவை நீட்டுகிறார். வீட்டில் சின்னப் பிள்ளைகள். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

சில வருஷம் முன்னால் இதே மாதிரி ஒரு மனு என் வாசலுக்கும் வந்தது. நான் வக்கீல் இல்லை. நான் சொல்வதை உங்கள் ஊர் விதியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், "உனக்குப் பிள்ளைகள் இருந்தால் இப்படிப் பேச மாட்டாய்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். எனக்கு இரண்டு பேர். மகள் அப்போது ஏழாம் வகுப்பு, தினமும் அந்த வீட்டைத் தாண்டித்தான் பஸ் ஏறுவாள்.

ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் தெருவிலேயே இருக்கும் தமிழ்ப் பையன் ஒருவர் மனுவோடு வந்தார். நல்ல பையன். பொங்கலுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். "அக்கா, நம்ம தெருவுல ரிஹேப் கொண்டுவரப் பார்க்கிறாங்க. ஒரு சைன் போட்டுடுங்க" என்று அட்டையை நீட்டினார். முப்பது கையெழுத்துக்கு மேல் இருந்தது. என் வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் என்னிடம் கொடுத்தார். "படிச்சுட்டுச் சொல்றேன்பா" என்று அனுப்பி வைத்தேன்.

அன்றைக்கு என் தம்பி நாற்பது மைல் தள்ளி அதே மாதிரி ஓர் இல்லத்தில் பதினோராவது மாதத்தில் இருந்தான். தெருவில் யாருக்கும் தெரியாது. வேறு மாநிலத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று சொல்லி வைத்திருந்தோம்.

கிரீன் கார்டு வந்த இரண்டாம் வருஷமே அவனுக்குக் குடி முற்றிவிட்டது. வேலை போனது. எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்தான். 28 நாள் சிகிச்சைக்கு அனுப்பினோம், தெளிந்து வந்தான், மூன்றே வாரத்தில் துவைக்கிற மிஷினுக்குப் பின்னால் பாட்டில் கிடைத்தது. மறுபடி சிகிச்சை, மறுபடி எங்கள் வீடு. மொத்தம் ஏழு மாதம் எங்களோடு இருந்தான். "இன்னைக்குக் குடிச்சியாடா?" என்று கேட்க எனக்கு வாய் வராது. அவன் பொய் சொல்வான், அதை நம்புகிற மாதிரி நானும் சோறு போடுவேன். இரண்டாவது தடவை டிஸ்சார்ஜ் ஆகும்போது அங்கிருந்த கவுன்சிலர்தான், இவன் அக்கா வீட்டுக்குப் போகக்கூடாது, சோபர் ஹவுஸுக்குப் போகட்டும் என்றார். எனக்கு அப்போது அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

சோபர் ஹவுஸ் வேறு, ரிஹேப் வேறு. மனுவில் பலர் இதைக் குழப்பிவிடுகிறார்கள், தெரிந்தே செய்பவர்களும் உண்டு. ரிஹேபில் டாக்டர், நர்ஸ், மருந்து எல்லாம் இருக்கும். இது சாதாரண வாடகை வீடு. ஏற்கனவே விட்டவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டு, வாடகையைப் பங்கு போட்டு, ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டு இருப்பார்கள். ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1975ல் மேரிலாந்தில் சில்வர் ஸ்பிரிங்கில் ஆரம்பித்தது. அங்கே மேனேஜர் என்று மேலே ஒருவர் கிடையாது, வீட்டில் இருப்பவர்களே ஓட்டுப் போட்டு நடத்துவார்கள். யாராவது மறுபடி குடித்தால் உடனே வெளியே போக வேண்டும். தம்பி இருந்தது ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ் இல்லை. அங்கே ஹவுஸ் மேனேஜர் உண்டு. மற்ற விதிகள் ஏறக்குறைய இதேதான்.

முதல் தடவை பார்க்கப் போனபோது எனக்கு மனசில் நின்றது அந்த ஃப்ரிட்ஜ். ஒவ்வொரு தட்டிலும் வெள்ளை டேப் ஒட்டி மார்க்கரில் பேர் எழுதியிருந்தது. என் தம்பி தட்டில் ஒரு தயிர் டப்பா, பாதி எலுமிச்சம்பழம், நான் கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சல் பாட்டில். பக்கத்துச் சுவரில் வெள்ளைப் போர்டில் யார் எந்த நாளைக்கு என்ன வேலை என்று கட்டம் போட்டிருந்தார்கள். செவ்வாய் ராத்திரி குப்பைத் தொட்டிகளை ரோட்டுக்குத் தள்ளுவது இவன் வேலை. எங்கள் வீட்டில் ஏழு மாதத்தில் குடித்த டம்ளரைக்கூடக் கழுவாதவன் அவன். அன்றைக்கு என்னோடு பேசிக்கொண்டே எழுந்து போய், நாலு தொட்டியையும் மூடி ரோட்டைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்துவிட்டு வந்தான். மேனேஜர் ராத்திரி பதினொரு மணிக்குச் சிறுநீர்ச் சோதனைக்குக் கோப்பையைக் கொடுத்தால் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு பாத்ரூம் போக வேண்டும், ரிசல்ட் அப்போதே தெரிந்துவிடும். அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

சரி, ஹியரிங். எங்கள் ஊரில் பேச விரும்புகிறவர்கள் ஒரு சின்ன கார்டு நிரப்பித் தர வேண்டும். பேர், முகவரி, கீழே மூன்று கட்டம்: ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை. நான் நடுநிலை என்று டிக் போட்டேன். போட்டுவிட்டு அதையும் கொடுக்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். ஒருவர் பின் ஒருவராகப் போய்ப் பேசினார்கள். திருட்டு வரும், ஊசி கிடக்கும், குழந்தைகளை வெளியே விட முடியாது. ஒரு பெண்மணி "இவர்களும் எங்காவது இருக்கத்தான் வேண்டும், ஆனால் இங்கே வேண்டாம்" என்றார். அவர் எனக்குப் பழக்கமானவர், என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது சூப் கொண்டுவந்து கொடுத்தவர். நான் வாயைத் திறக்கவில்லை. அனுமதியை முடிவு செய்கிற கமிஷன் இன்னும் தகவல் வேண்டும் என்று அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ஒரு மாதத்தில்தான் சட்டத்தைப் படித்தேன். உங்களுக்கு வேண்டிய விஷயம் இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வீட்டு விஷயத்தில் பாகுபாடு கூடாது என்று 1968ல் வந்த ஃபேர் ஹவுசிங் சட்டத்தில் 1988ல் திருத்தம் செய்து, உடல், மனக் குறைபாடு உள்ளவர்களுக்கும் பாதுகாப்பு கொடுத்தார்கள். குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீண்டுகொண்டிருப்பவர்கள் அதில் அடக்கம். இப்போது சட்டவிரோத போதை எடுத்துக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் "இப்படிப்பட்ட ஆட்கள் வேண்டாம்" என்பதை வைத்து சிட்டி அனுமதியை மறுத்தால், சிட்டிதான் கோர்ட்டில் நிற்க வேண்டியிருக்கும். பல ஊர்களில், உறவில்லாதவர்கள் இத்தனை பேருக்கு மேல் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது என்று ஜோனிங் விதி, அதாவது நிலப் பயன்பாட்டு விதி, உண்டு. இந்த இல்லங்களுக்காக அதைத் தளர்த்தச் சொல்லிக் கேட்கலாம், 'ரீசனபிள் அக்காமடேஷன்' என்பார்கள். நியாயமான கோரிக்கையாக இருந்தால் சிட்டி இடம் கொடுத்தாக வேண்டும்.

வாஷிங்டன் மாநிலத்தில் எட்மண்ட்ஸ் என்ற ஊரில் இதுதான் நடந்தது. குடும்பம் இல்லையென்றால் ஐந்து பேர்தான் என்று விதி, ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸில் பத்துப் பன்னிரண்டு பேர். எங்கள் விதிக்கு ஃபேர் ஹவுசிங் சட்டம் பொருந்தாது என்று ஊர் வாதாடியது. பொருந்தும் என்று 1995ல் சுப்ரீம் கோர்ட் 6க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்னால் 1985ல் டெக்ஸாஸில் கிளெபர்ன் என்ற ஊரின் வழக்கு. அது மனவளர்ச்சி குன்றிய 13 பேருக்கான இல்லம். நர்சிங் ஹோமுக்குக் கேட்காத ஸ்பெஷல் பெர்மிட்டை இதற்கு மட்டும் கேட்டு மறுத்திருந்தார்கள். செல்லாது என்றது கோர்ட்.

அதற்காக, எதிர்த்துப் பேசினால் உங்கள்மேல் வழக்கு வரும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். கலிஃபோர்னியாவில் பெர்க்லியில் ஒரு குடியிருப்புத் திட்டத்தை எதிர்த்த மூன்று பேரை ஃபெடரல் வீட்டுவசதித் துறையே மாதக்கணக்கில் விசாரித்தது. அவர்கள் பேசியது அவர்கள் உரிமை என்று 2000ல் அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது. கையெழுத்துப் போடுவது உங்கள் உரிமைதான். போட்டால் அனுமதி நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

தம்பிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். கார்டு கைப்பையிலேயே இருந்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் பேரைச் சொல்லிக்கோக்கா, எனக்கு ஒண்ணுமில்ல" என்றான். பேரைச் சொல்லத் துணிச்சல் வரவில்லை. "என் சொந்தத் தம்பி" என்று மட்டும் இரண்டாவது ஹியரிங்கில் சொன்னேன். ஆதரவு என்று டிக் போட்டு புதுக் கார்டு கொடுத்தேன். மூன்று நிமிஷம், எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு. நான் ஃப்ரிட்ஜைப் பற்றியும் குப்பைத் தொட்டியைப் பற்றியும் பேசினேன். மஞ்சள் எரியும்போது பின்னாலிருந்து ஒருவர், "அவ்வளவு அக்கறை இருந்தால் உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே" என்றார். வைத்திருந்தோம், ஏழு மாதம், இரண்டு தடவை சாவு வரை போனான் என்று திரும்பிச் சொல்வதற்குள் சிவப்பு எரிந்துவிட்டது. அந்த பதிலை இத்தனை வருஷம் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

அன்று திரும்பத் திரும்பக் கேட்ட வார்த்தை "தெருவின் இயல்பு". அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். அதற்கு முந்தைய வருஷம் எங்கள் ஹெச்.ஓ.ஏ., அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம், அதே வார்த்தையைப் போட்டுத்தான் எனக்குக் கடிதம் அனுப்பியது. கொல்லையில் பாகற்கொடிக்கு நான் போட்ட பந்தல் வேலிக்கு மேலே ஒரு சாண் தெரிகிறதாம், தெருவின் இயல்பைக் கெடுக்கிறதாம். காய் பிடித்திருந்த கொடி. அபராதத்துக்குப் பயந்து நானே அறுத்துப் போட்டேன். இரண்டு வீடு தள்ளி வேலிக்கு மேலே ஐந்தடி உயரத்துக்கு டிராம்போலின் நிற்கிறது, அதற்கு ஒரு கடிதமும் கிடையாது. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, தெரியும். ஆனாலும் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது, யார் வருகிறார்கள் என்பதை விட்டுவிட்டு எப்படி நடத்துவார்கள் என்று கேளுங்கள். மோசமான இல்லங்களும் உண்டு, நான் மறைக்கவில்லை. 2023ல் அரிசோனாவில் பெரிய மோசடி வெளியே வந்தது. சோபர் ஹோம் என்று பேர் வைத்து, பூர்வகுடி மக்களைக் கூட்டிவந்து அடைத்து, கொடுக்காத சிகிச்சைக்கு அரசு இன்சூரன்ஸில் பில் போட்டிருக்கிறார்கள். அதனால் ராத்திரி வீட்டில் பொறுப்பாக யார் இருப்பார், அவர் போன் நம்பர் எங்களுக்குக் கிடைக்குமா, எத்தனை கார், மறுபடி குடித்தவரை எப்படி வெளியே அனுப்புவீர்கள், எங்கே அனுப்புவீர்கள், மாநிலத் தர அமைப்பின் சான்று உண்டா என்றெல்லாம் நேருக்கு நேர் கேளுங்கள். ஒழுங்காக நடத்துபவர் இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்வார். எங்கள் ஊரில் எட்டுப் பேர், நாலு கார், பத்து மணிக்கு மேல் வெளியே கூட்டம் கூடாது, மேனேஜர் நம்பர் அக்கம்பக்கத்துக்குத் தர வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தார்கள்.

இந்த இல்லங்களால் பயன் உண்டா என்று கேட்டால், சிகாகோ டீபால் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு ஒன்று 2006ல் வெளிவந்தது. சிகிச்சை முடித்த 150 பேரில் பாதிப் பேரை ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸுக்கும் மீதிப் பேரைச் சிகிச்சைக்குப் பிந்தைய வழக்கமான கவனிப்புக்கும் அனுப்பினார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் அங்கே இருந்தவர்களில் சுமார் 31 சதவீதம் பேர் குடியோ போதையோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், மற்றவர்களில் சுமார் 65 சதவீதம்.

எங்கள் தெரு இல்லத்துக்கு இப்போது மூன்று வருஷம் முடிந்துவிட்டது. ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தது. இன்னொரு நாள் விடியற்காலை அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு சின்னப் பையன், இருபத்திரண்டு வயசு இருக்கும், இரண்டு கறுப்புக் குப்பைப் பையில் துணிமணியோடு வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். மறுபடி குடித்திருக்கிறான், கிளம்பச் சொல்லிவிட்டார்கள். நரைத்த தாடிக்காரர் ஒருவர் கார் வரும்வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், பேசவில்லை, முதுகில் கையை வைத்திருந்தார். என் மகள் இன்னும் அந்த வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகிறாள். அனுமதி வந்த பிறகு தெருவில் மூன்று வீடு கைமாறியது, எதுவும் விற்காமல் கிடக்கவில்லை. இது எங்கள் தெருக் கதை மட்டும்தான்.

மனு கொண்டுவந்த பையன் ஒரு வருஷம் எங்களோடு பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் வந்து, ஊரில் இருக்கிற தன் அப்பாவைப் பற்றிக் கேட்டார். அதை இங்கே எழுத முடியாது.

தம்பி பதினாறு மாதம் இருந்துவிட்டு வந்தான். இப்போது தனி வீடு.

உங்கள் ஹியரிங் எப்போது என்று சொல்லவில்லை. அதிகாரிகளின் அறிக்கையைப் பெரும்பாலும் சில நாள் முன்னாலேயே சிட்டி இணையதளத்தில் போட்டுவிடுவார்கள், எடுத்துப் படியுங்கள். எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் போன உடனே கார்டைக் கையில் கொடுத்துவிடுங்கள், பையில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.