பாக்கெட்டில் இன்னொரு துப்பாக்கி

கேள்வி: ஹூஸ்டனில் பெட்ரோல் பங்கும் அதையொட்டி ஒரு கடையும் நடத்துகிறேன். கடை சாத்த இரவு 11 ஆகிவிடும். வலது இடுப்பில் கிளாக் 19 பிஸ்டல் இருக்கிறது. அவசரத்துக்குப் பாக்கெட்டில் ஒரு குட்டித் துப்பாக்கியும் வைத்துக்கொள்ள ஆசை. ரூகர் எல்சிபி வாங்கலாமா, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வரா?

பதில்: உங்களிடம் கிரீன் கார்டு இருக்கிறது என்று நம்புகிறேன். எச்-1பி மாதிரி விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு நடமாடலாம்தான், ஆனால் அதனால் இந்தத் தடை போய்விடாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். என் ஓட்டு 642-க்கு. இரண்டாவது துப்பாக்கி எப்போது வெளியே வரும் என்று யோசித்துப் பாருங்கள்: எதிராளி மேலே விழுந்து உங்கள் வலது கையைப் பிடித்திருக்கும்போது. அந்த நேரத்தில் எல்சிபி மாதிரி பிஸ்டலில் தோட்டா சிக்கினால், மேலே நகரும் ஸ்லைடை இழுத்துவிட இன்னொரு கை வேண்டும், அது எங்கே இருக்கிறது? ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி அழுத்தினால் போதும், அடுத்தது வந்து நிற்கும். 642-ல் தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல் உள்ளேயே மறைந்திருப்பதால் துணியிலும் மாட்டாது.

குறை இல்லாமல் இல்லை. 5 தோட்டாதான், தோட்டா நிரப்பும் உருளை பாக்கெட்டில் புடைத்துத் தெரியும், எடை 400 கிராம் சொச்சம் என்பதால் சுடும்போது உதை பலமாக இருக்கும். ஒரு பெட்டி தோட்டா சுட்டுவிட்டு மறுநாள் கல்லாவில் சில்லறை எண்ணிப் பாருங்கள், உள்ளங்கை சொல்லும். எல்சிபி தட்டையானது, முதலில் வந்த 2008 மாடல் கால் கிலோவுக்குக் கொஞ்சம்தான் மேலே. இறுக்கமான ஜீன்ஸ்தான் போடுவேன் என்றால் அதுவே சரி.

எதை வாங்கினாலும் இடது பாக்கெட்டில், விசையை முழுக்க மூடும் உறையோடு வையுங்கள். அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் கூடாது. பாக்கெட் பஞ்சு உள்ளே போய் அடைத்துக்கொள்ளும், அடிக்கடி துடைக்க வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கழற்றியதும் நேரே பூட்டிய பெட்டிக்குள்.

வாங்கும் முன் துப்பாக்கி வாடகைக்குத் தரும் சுடுதளத்துக்குப் போய் இரண்டையும் இடது கையால் மட்டும் சுட்டுப் பாருங்கள். 5 கஜத்தில்கூட இலக்குத் தாளில் விழவில்லையா, அந்தக் காசில் கடை வாசலுக்கு நல்ல விளக்காகப் போட்டுவிடுங்கள்.