கணினி கேள்வி - பதில்: பழைய சேர்வரிலிருந்து புதுசுக்கு

கேள்வி: அண்ணா, தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஒபிஸில் வேலை செய்கிறேன். செக்ரோல் (தொழிலாளர் வேலைநாள், சம்பளப் பதிவு), கொழுந்துக் கணக்கு, ஈ.பி.எஃப். (சேமலாப நிதி) பைல்கள், புரோக்கருக்கு அனுப்பும் இன்வொய்ஸ் எல்லாம் விண்டோஸ் சேர்வர் 2008 ஆர்2 போட்ட பழைய பெட்டியில்தான் கிடக்கின்றன. மொத்தம் 600 ஜிபி வரும். இப்போது சேர்வர் 2022 போட்டு புதுப் பெட்டி ஒன்று வந்திருக்கிறது. டொமைன் (எல்லா யூசர் கணக்கையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் முறை) எல்லாம் இல்லை, 12 கம்ப்யூட்டரும் வேர்க்குரூப்தான் (ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி யூசர் கணக்கு). "கொப்பி பண்ணிப் போட ஒரு நாள் போதாதா?" என்கிறார் துரை (தோட்ட மானேஜர்). போதுமா?
- வாசகர், தலவாக்கலை

பதில்: கொப்பி பண்ண ஒரு நாள் தாராளம் தம்பி. அதற்குப் பிறகு "என் பைல் திறக்குதில்லை" என்று வரும் போன்களுக்குப் பதில் சொல்லத்தான் ஒரு மாதம் போகும். ஆனால் மாற்றியே ஆகவேண்டும், 2008 ஆர்2வுக்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டது.

முதலில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் உங்கள் நெட்வேர்க் ஸ்விட்சைப் பாருங்கள். பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் என்றால் செக்கனுக்கு 11 எம்பி அளவில்தான் ஓடும், 600 ஜிபிக்கு 15 மணி நேரம் பிடிக்கும். கிகாபிட் என்றால் அதே வேலை ஒன்றரை மணி நேரம். சின்னச் சின்ன எக்செல் பைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இரண்டுமே இதைவிட இழுக்கும். பின்னேரம் இடி இடித்து கரண்ட் போனால், எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டவருக்கு எது வந்தது எது வரவில்லை என்றே தெரியாது. அதனால் ரோபோகொப்பி (robocopy) என்ற கொப்பிக் கட்டளையைப் பாவியுங்கள். விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது, காசில்லை. அளவும் திருத்திய நேரமும் மாறாத பைலை இரண்டாவது ஓட்டத்தில் தொடாது என்பதால் பாதியில் நின்றாலும் திரும்ப ஓடவிட்டால் மிச்சத்தை மட்டும் எடுக்கும். புது சேர்வரில் உட்கார்ந்து பழையதிலிருந்து இழுங்கள். இரண்டுக்கும் யூ.பி.எஸ். இருக்கட்டும்.

ரோபோகொப்பியில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். ஒரு பைல் யாரிடமாவது திறந்து கிடந்து கொப்பியாகவில்லை என்றால் அது திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் பத்து லட்சம் தடவை, தடவைக்கு 30 செக்கன் இடைவெளி. கணக்குப் பார்த்தால் ஒரே ஒரு பைலுக்காகக் கிட்டத்தட்ட ஒரு வருடம் காத்திருக்கும். கட்டளையோடு சேர்த்து அடிக்கும் ஆர் (/R), டபிள்யூ (/W) என்ற இரண்டு சுவிட்சிலும் 1 என்று கொடுத்துவிடுங்கள், லொக் (/LOG) சுவிட்சும் போட்டால் திறக்காததை லொக் பைலில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகும். இரண்டாவது, மிர் (/MIR) சுவிட்ச். பழையதில் இல்லாத எதையும் புதியதிலிருந்து அழித்துவிடுவதுதான் அதன் வேலை. எங்கிருந்து, எங்கே என்ற இரண்டையும் மாற்றி அடித்தால் முடிந்தது கதை, காலியாக இருக்கும் புதுப் பெட்டியைப் பார்த்து பழையதையும் காலியாக்கிவிடும். அதேபோல, ஆட்கள் புது சேர்வரில் வேலை தொடங்கிய பிறகு "எதற்கும் இன்னொரு தரம்" என்று மிர் ஓட்டினால் அன்றைய புது வேலையெல்லாம் போய்விடும். முதலில் எல் (/L) சுவிட்ச் போட்டு ஒரு வெள்ளோட்டம் விடுங்கள், எதைச் செய்யப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும், ஒன்றையும் தொடாது. மூன்றாவது கொஞ்சம் வேடிக்கையானது. டி டிரைவை முழுசாகப் புதிய போல்டர் ஒன்றுக்குக் கொப்பி பண்ணினால் சில நேரம் அந்தப் போல்டரே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். டிரைவின் ரூட்டுக்கு இருக்கும் ஹிடன், சிஸ்டம் என்ற அடையாளங்கள் அதற்கும் ஒட்டிக்கொள்வதுதான் காரணம். பைல்கள் உள்ளேதான் இருக்கும், அட்ரிப் (attrib) கட்டளையால் அந்த அடையாளங்களை எடுத்துவிடலாம். போல்டர் போல்டராகக் கொப்பி பண்ணினால் இந்தத் தொல்லையே இல்லை.

இனி அனுமதிகள், அதாவது யார் எதைத் திறக்கலாம் என்பது. துரையின் ஒரு நாள் கணக்கு உதைக்கும் இடம் இதுதான். அனுமதியையும் சேர்த்துக் கொப்பி பண்ண ரோபோகொப்பியில் வழி இருக்கிறது, ஆனால் உங்களைப் போன்ற வேர்க்குரூப் ஒபிஸுக்கு அதனால் பிரயோசனம் இல்லை. விண்டோஸ் ஓர் ஆளைப் பெயரால் அறிவதில்லை, கணக்குத் திறக்கும்போது கொடுத்த ஒரு நீண்ட எண்ணால்தான் அறிகிறது. பழைய பெட்டியில் இருந்த அதே பெயரில், அதே பாஸ்வேர்ட்டில் புதுப் பெட்டியில் கணக்குத் திறந்தாலும் அந்த எண் வேறு. அனுமதியைத் தூக்கிக்கொண்டு வந்தால் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் எண்ணும் தெரியாத கணக்கு என்ற அடையாளமும்தான் நிற்கும். ஆகவே பைலை மட்டும் கொண்டுவாருங்கள், அனுமதியைப் புதிதாக எழுதுங்கள். அதற்கு முன் பழைய அனுமதிகளை ஐகாக்ல்ஸ் (icacls) கட்டளையால் ஒரு டெக்ஸ்ட் பைலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சண்டை வந்தால் அதுதான் சாட்சி. ஆள் ஆளாகக் கொடுக்காமல் சம்பளம், தொழிற்சாலை, ஸ்டோர்ஸ், துரை என்று நான்கு குரூப் போட்டு போல்டரைக் குரூப்புக்குக் கொடுங்கள். ஒருவர் இடமாற்றம் ஆகிப் போனால் குரூப்பிலிருந்து பெயரை எடுத்தால் சரி.

போல்டரை நெட்வேர்க்கில் பகிரும்போது கொடுக்கும் ஷெயார் அனுமதி என்று இன்னொன்றும் இருக்கிறது, அதை ரோபோகொப்பி தொடவே தொடாது. இதுவும் போல்டர் அனுமதியும் வாசல் கேட்டும் வீட்டுக் கதவும் மாதிரி, இரண்டும் திறந்தால்தான் உள்ளே போகலாம். கணக்கு உள்ள எல்லோருக்கும் ஷெயாரில் முழு அனுமதி கொடுத்துவிட்டு, கட்டுப்பாட்டைப் போல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் பூட்டுப் போட்டால் கடைசியில் எங்கே அடைத்தோம் என்று உங்களுக்கே தெரியாது.

பெயர் விஷயம். உங்கள் எக்செல் ஷீட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று லிங்க் பண்ணியிருக்கும், அந்த லிங்க் எல்லாவற்றிலும் பழைய சேர்வரின் பெயர் இருக்கும். புதுப் பெட்டிக்கு ஆசையாக ஒரு புதுப் பெயர் வைத்தால் அத்தனையும் அறுந்துபோகும். மாற்றும் நாளில் பழையதற்கு வேறு பெயரும் வேறு ஐபியும் (நெட்வேர்க் முகவரி) கொடுத்து ஒதுக்கிவிட்டு, அதன் பெயரையும் ஐபியையும் புதியதற்குக் கொடுங்கள், ஷெயார் பெயர்களும் ஓர் எழுத்துக்கூட மாறக்கூடாது. 12 பேருக்கும் பழைய யூசர் பெயரும் பாஸ்வேர்ட்டும் அப்படியே புதியதில் இருந்தால் அவர்கள் பக்கம் பெரிதாக ஒன்றும் செய்யவேண்டி வராது. (டொமைன் உள்ள பெரிய ஒபிஸ்காரர்களுக்கு: சேர்வர் 2019 முதல் ஸ்டோரேஜ் மைக்ரேஷன் சர்விஸ் என்று ஒன்று வருகிறது, இந்தப் பெயர் மாற்றம்வரை அதுவே செய்து தரும்.)

எப்போது செய்வது? முதல் ஓட்டத்தை ஒரு வாரம் முந்தியே, ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே தொடங்கலாம். பிறகு இரவில் மாறியதை மட்டும் இழுக்கலாம். கடைசி ஓட்டத்துக்கும் பெயர் மாற்றத்துக்கும் ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) நாளைப் பாருங்கள், வெள்ளியோ திங்களோ வந்தால் இன்னும் நல்லது. சம்பளக் கணக்கு முடிக்கும் நாட்கள் வேண்டாம், தீபாவளி அட்வான்ஸ் போடும் வாரத்தை நினைத்தும் பார்க்காதீர்கள். அன்று பழைய ஷெயார்களை எல்லோருக்கும் வாசிக்க மட்டும் என்று மாற்றிவிட்டு ஓட்டுங்கள். கணக்கு சொஃப்ட்வேரின் டேட்டாபேஸ் இருந்தால் அதை இப்படி இழுக்கவேண்டாம், அந்த சொஃப்ட்வேரிலேயே பேக்கப் எடுத்துப் புதியதில் ரிஸ்டோர் பண்ணுங்கள்.

சோதித்துப் பார்ப்பதை அட்மினிஸ்ட்ரேட்டராக உட்கார்ந்து செய்யாதீர்கள், அவருக்கு எல்லாம் திறக்கும். ஸ்டோர்ஸ் மேசைக்குப் போய் அவருடைய லொகினில் ஸ்டோர்ஸ் பைல் திறக்கிறதா, சேமிக்கிறதா, சம்பள போல்டர் திறக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசிதான் முக்கியம், அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று: "மாற்றும்போதே குப்பையையும் கழித்துவிடுவோம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். ஒரு பைல் காணாமல் போனால் கொப்பியில் விட்டதா, குப்பையில் போனதா என்று கண்டுபிடிக்க முடியாது. உள்ளதை உள்ளபடி கொண்டுவாருங்கள், துப்புரவை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் பாடசாலையின் பழைய சேர்வரிலிருந்து வினாத்தாள்களைப் புதிதுக்கு மாற்றினோம். புது சேர்வரிலேயே ஒன்றைத் திறந்து பார்த்தேன், தமிழெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. பழுதாகிவிட்டதா சேர்?
- ஆசிரியை, பண்டாரவளை

பதில்: இல்லை டீச்சர், ஒன்றும் பழுதாகவில்லை. அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் டைப் செய்த பைல், அந்த அரைப்புள்ளிகள்தான் உங்கள் மெய்யெழுத்துப் புள்ளிகள். பைல் சேர்வரில் இருந்தாலும் எழுத்துரு அதைத் திறக்கும் கம்ப்யூட்டரில்தான் இருக்கவேண்டும், புது சேர்வரில் பாமினி போடவில்லை, அவ்வளவுதான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் திறந்து பாருங்கள், சரியாக வரும். புதுக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் எழுத்துருவைப் போட்டுவிடுங்கள். பதறிப்போய் வேறு எழுத்துருவுக்கு மாற்றிச் சேமித்துவிட மட்டும் வேண்டாம். இனிமேல் அடிப்பதை யுனிகோடில் அடியுங்கள். பழையதை மாற்றி எடுக்க கன்வேர்ட்டர்கள் இருக்கின்றன, மூலப் பைலை வைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

கேள்வி: சேர்வர் மாற்றியதிலிருந்து போட்டோகொப்பி மெஷினில் ஸ்கேன் பண்ணினால் போல்டருக்கு வருவதில்லை. பையன் ஒருவர் வந்து, எஸ்.எம்.பி. 1 என்ற பழைய பைல் பகிர்வு முறையை ஒன் பண்ணினால் வேலை செய்யும் என்கிறார். செய்யலாமா?
- வாசகர், நுவரெலியா

பதில்: வேலை செய்யும். செய்யாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான், அதன் பிறகுதான் மைக்ரோசாஃப்ட் புது விண்டோஸ்களில் அதைப் போடாமலே அனுப்பத் தொடங்கியது. மெஷினுக்குப் புது ஃபேர்ம்வேர் (அதற்குள் ஓடும் சொஃப்ட்வேர்) இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் ஸ்கேனை ஈமெயிலுக்கு அனுப்புங்கள், அதுவும் வராவிட்டால் பென் டிரைவ் இருக்கவே இருக்கிறது. ஒரு மெஷினுக்காக முழு சேர்வரையும் திறந்துபோடுவது நியாயமில்லை.

கேள்வி: கூகுள் டிரைவில் போட்டால் சேர்வரே வேண்டாம்தானே?
- வாசகர், பதுளை

பதில்: இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதிலும் உங்கள் ஜிமெயில் பங்கு கேட்கும். காசு கட்டத் தயார், லைனும் நன்றாக இருக்கிறது என்றால் நான்கைந்து பேர் உள்ள ஒபிஸுக்குத் தாராளமாகப் போதும். மழைக்கு லைன் அறுந்தால் சம்பளப் பட்டியலைப் பார்க்க முடியாத இடத்தில் இருந்தால் யோசியுங்கள்.

கேள்வி: மாற்றி முடிந்தது. பழைய சேர்வரை இரும்புக்குப் போட்டுவிடலாமா?
- வாசகி, ஹட்டன்

பதில்: அவசரம் வேண்டாம் தங்கச்சி. குறைந்தது ஒரு சம்பள மாதமும் ஒரு வருட முடிவும் தாண்டட்டும், நெட்வேர்க் வயரைக் கழற்றிவிட்டு மூலையில் வைத்திருங்கள். ஈ.பி.எஃப். காசைப் பெரும்பாலும் ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும்தான் எடுக்க வருகிறார்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால்கூட இருபது, முப்பது வருடத்துக்கு முந்திய செக்ரோலைக் கேட்பார்கள், அந்தப் போல்டர் புதிதில் திறக்கிறதா என்று உங்கள் கையாலேயே பார்த்த பிறகு மற்றதைப் பேசலாம். போடும்போது ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எடுத்துவிடுங்கள், அழிக்காமல் கொடுத்தால் எல்லோருடைய அடையாள அட்டை இலக்கமும் அதோடு போகும்.

பழையது மூலையில் இருக்கிறதே என்று அதையே பேக்கப் ஆக நினைக்கவும் வேண்டாம், அது மாற்றிய நாளோடு நின்றுபோன கொப்பி. 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது மலையகத்தில் எத்தனை இடத்தில் மண் சரிந்து பாதை அடைத்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வெளி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி பேக்கப் எடுத்து, ஒன்றை ஒபிஸ் கட்டிடத்துக்கு வெளியே, முடிந்தால் வேறு ஊரில் வையுங்கள். வாங்கியதும் என்டிஎஃப்எஸ் ஆக ஃபோர்மட் பண்ணுங்கள், ஃபெட்32 என்ற பழைய ஃபோர்மட்டில் 4 ஜிபிக்கு மேற்பட்ட பைல் ஏறாது.