தம்பியின் கம்ப்யூட்டருக்கு மூன்றாவது கடன் வாங்கலாமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் தம்பிக்கு ஓவர்கிளாக் செய்யக்கூடிய (ப்ராசஸரை அதற்குக் குறித்த வேகத்தைவிடக் கூடுதலாக ஓட்டக்கூடிய) டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வேண்டுமாம். அவன் போட்டுக் கொடுத்த பாகங்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன். மொத்தம் என் இரண்டு மாதச் சம்பளம். 12 சதவீத ஃபிளாட் வட்டியில் 24 மாதக் கடன் கிடைக்கிறது. மாதம் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குதான் போகும். அவனுக்கு வாங்கிய போன் தவணை (சம்பளத்தில் 9 சதவீதம்) இன்னும் 5 மாதமும், மானிட்டர் தவணை (7 சதவீதம்) 11 மாதமும் பாக்கி. "விளையாட்டை நேரலையில் காட்டிச் சம்பாதித்துக் கட்டிவிடுவேன் அக்கா" என்கிறான். எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்தப் பாகத்தில் மிச்சம் பிடிக்கலாம்?

பதில்: பாகங்களுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது "பத்தில் ஒரு பங்குதான்" என்பதில் இருக்கும் அந்த "தான்". போன், மானிட்டர், இப்போது இது. மூன்று முறையும் "மாதம் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறீர்கள், "மொத்தம் எவ்வளவு?" என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இந்தப் பழக்கம்தான்.

சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் 200. ஃபிளாட் வட்டி என்றால் அடைத்துவிட்ட அசலுக்கும் கடைசி வரை வட்டி கட்டுகிறீர்கள்: இரண்டு ஆண்டில் 48. உண்மையான வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. பழைய இரண்டோடு சேர்த்தால் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல், நீங்கள் தொட்டுக்கூடப் பார்க்காத மூன்று பொருட்களுக்குப் போகும்.

இனி பட்டியல். 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ என்ற மலிவான ப்ராசஸரைப் பலர் பஸ் வேகத்தை (ப்ராசஸரை மதர்போர்டோடு இணைக்கும் பாதையின் வேகத்தை) 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, 300-இலிருந்து 450 மெகாஹெர்ட்ஸுக்கு ஓட்டினார்கள். பாதி வேகம் இனாம். ஓவர்கிளாக் அன்று சிக்கனக்காரரின் வித்தை. இன்றைய ப்ராசஸர்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தாமாக உச்சத்துக்கு அருகில் ஓடுகின்றன. மிச்சமிருக்கும் துளிக்குத் தனி விலை: இன்டெலில் பெயரின் முடிவில் "கே" உள்ள ப்ராசஸரும் இசட் வரிசை மதர்போர்டும் வேண்டும். தம்பி இரண்டையும் எழுதியிருக்கிறான்.

அவன் குறித்துள்ள இலக்கு 5.4-இலிருந்து 5.7 கிகாஹெர்ட்ஸ். அதாவது ஐந்தரை சதவீதம். கிராபிக்ஸ் கார்டு திணறும் விளையாட்டில் அதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதற்காக 1.25 வோல்ட்டை 1.35 ஆக்கப் போகிறான். மின்செலவு வோல்ட்டின் வர்க்கத்தோடு ஏறுவது. வேகத்தையும் பெருக்கினால் ஏறக்குறைய 23 சதவீதம் கூடுதல் சூடு. அந்தச் சூட்டுக்கு மூன்று விசிறி லிக்விட் கூலர், அதற்கும் மேல் தேவைக்கு இருமடங்கு பவர் சப்ளை. ஒரு பொருள் அடுத்ததை இழுத்துக்கொண்டு வருகிறது. வேகத்தைக் கூட்ட முடியாதபடி பூட்டிய ப்ராசஸர், சாதாரண போர்டு, ஏர் கூலர், அளவான பவர் சப்ளை என்று மாற்றிக் கூட்டிப் பார்த்தேன், 62 குறைகிறது. வட்டியோடு 77. ஐந்தரை சதவீதத்துக்கு உங்கள் முக்கால் மாதச் சம்பளம்!

பவர் சப்ளையின் வாட்டைக் குறையுங்கள், தரத்தைக் குறைக்காதீர்கள். "80 பிளஸ்" முத்திரை மின்சிக்கனத்துக்கான சான்று மட்டுமே, தரத்துக்கு அல்ல. கிராபிக்ஸ் கார்டு அப்படியே இருக்கட்டும். ராமின் (தற்காலிக நினைவகத்தின்) வேகத்துக்கு பயாஸில், அதாவது கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையில், எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற தயார் அமைப்பை இயக்கினால் போதும். ஓவர்கிளாக் செய்தே தீருவேன் என்றால் ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை பூட்டில்லாதவை, பி வரிசை போர்டிலேயே செய்யலாம். ஆனால் அதனால் வரும் சேதத்துக்கு வாரன்டி பெரும்பாலும் கைகொடுக்காது. ப்ராசஸர் கருகினாலும் தவணை தேதி தவறாமல் வரும்.

சரி, மீதி 138-க்கு என்ன வழி? மாதம் 10 கட்ட முடியும் என்கிறீர்களே, அதையே சேருங்கள். ஐந்து மாதத்தில் 50. போன் கடன் முடிந்ததும் அந்த 9-ஐயும் சேர்த்தால் மாதம் 19. பத்தாவது மாதம் கடனே இல்லாமல் வாங்கிவிடலாம். இடையில் ராம் விலை ஏறலாம். ஏறினால் ஒரு மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஒவ்வொரு பாகமாக வாங்கி அடுக்காதீர்கள். பெட்டியைப் பிரிக்கும் முன்பே வாரன்டி ஓடத் தொடங்கிவிடும், பழுதானதைத் திருப்பிக் கொடுக்கும் கெடுவும் போய்விடும்.

நேரலை வருமானத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை, வந்தால் பார்த்துக்கொள்ளலாம். தம்பியிடம் என்ன சொல்வது என்று தயங்க வேண்டாம். பட்டியலைத் திருப்பிக் கொடுத்து, "138 வரை அக்கா, அந்த 62 உன் பொறுப்பு" என்று சொல்லுங்கள். பத்து மாதம் அவனுக்கும் இருக்கிறது.